வண்டி போகாத தோட்டத்தில் கடைக்கால்: வாசகர் கேள்விகளுக்கு விடை

மழை நின்றதும், இங்கே பர்மாவில், தோட்டத்தில் குடில் கட்டும் யோசனை பலருக்கும் வந்துவிடுகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். முதல் கடிதத்துக்கு விரிவான பதில். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் கேள்விக்குப் போவது நல்லது.

*கேள்வி: ஐயா, வணக்கம். தட்டோன் பக்கம் மலைச்சரிவில் ஒன்றரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. கொஞ்சம் ரப்பர், மீதி காட்டு மரம். 16 அடிக்கு 20 அடியில், தகரக் கூரை போட்ட பலகை வீடு கட்ட எண்ணம். தோலாஜி (சிறு டிராக்டர் வண்டி) ஓடைக்கரை வரைதான் வரும். அதற்கு மேல் 600 கஜம் ஒற்றையடிப் பாதை, ஏற்றம். கொத்தனார் சுற்றிலும் கருங்கல் கடைக்கால் கட்டச் சொல்கிறார். மைத்துனர் தூணை மண்ணில் நட்டாலே போதும் என்கிறார். யார் சொல்வது சரி? (முடோன் வாசகர்)*

பதில்: கொத்தனார் ஊருக்குள் கட்டும் வீட்டுக்குச் சொல்கிறார், மைத்துனர் காவல் பரணுக்குச் சொல்கிறார். உங்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: தூணுக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு கான்கிரீட் பீடம், பீடத்தின் மேல் மரத்தூண்.

எடையைக் கணக்குப் போட்டாலே இது விளங்கும். வீட்டின் சுற்றளவு 72 அடி. ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி உயரத்துக்குக் கருங்கல் கட்டினால் 270 கன அடி, ஏறக்குறைய பதினேழரை டன். ஓர் ஆள் ஏற்றத்தில் 25 கிலோ, அதாவது 15 விசை, தூக்குவதாக வைத்தால் 700 நடை. பீடம் போடும் முறையில் சிமெண்ட், மணல், ஜல்லி, கம்பி எல்லாம் சேர்த்து நாலரை டன்னைச் சற்றே தாண்டும், 185 நடை. நான்கு பேர் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 நடை நடந்தால் நான்கு நாளில் சாமான் மேலே வந்துவிடும். கருங்கல்லுக்கு அதே ஆட்கள் பதினைந்து நாள் நடக்க வேண்டும். பாதியில் கூலியாள் வராமல் போவது இந்தக் கணக்கில் இல்லை.

16 அடி அகலத்தில் 8 அடிக்கு ஒன்றாக மூன்று வரிசை, 20 அடி நீளத்தில் 6 அடி 8 அங்குலத்துக்கு ஒன்றாக நான்கு தூண். மொத்தம் 12. நடுத்தூண் ஒன்றின் மேல் இறங்கும் பாரம், ஆட்களும் சாமானும் உட்பட, 1,700 கிலோ அளவில் வரும். 2 அடிக்கு 2 அடி அடிப்பலகம் (பீடத்தின் அடியில் விரிந்து கிடக்கும் கான்கிரீட் பாளம்) இதைக் கெட்டியான செம்மண்ணில் தாராளமாகத் தாங்கும். ஒன்றரை அடிச் சதுரமே போதுமே என்று கேட்பீர்கள். பாரம் தாங்கப் போதும், காற்றைத் தாங்கப் போதாது. தகரக் கூரையைக் காற்று மேல்நோக்கி இழுக்கும்போது வீட்டைப் பிடித்து நிறுத்துவது பீடத்தின் எடையும், அடிப்பலகத்தின் மேல் கிடக்கும் மண்ணின் எடையும்தான். 2 அடிச் சதுரத்தில் கான்கிரீட் 300 கிலோ, மண் இன்னொரு 300 கிலோ கிடைக்கும். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் கூரை போனதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு குழியின் அளவு: 2 அடிச் சதுரம், இரண்டரை அடி ஆழம். ஆழத்தைச் சரிவின் தாழ்ந்த பக்கத்திலிருந்து அளக்க வேண்டும், மேட்டுப் பக்கத்திலிருந்து அளந்தால் கீழ்ப்பக்கம் பிடிப்பில்லாமல் போகும். இலைமக்கும் கறுப்பு மண்ணும் ஆழக்கணக்கில் சேராது. இரண்டரை அடிக்குக் கீழே 2 அங்குலம் கூடுதலாக எடுத்து ஜல்லி பரப்பி இடித்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 8 அங்குலக் கனத்தில் அடிப்பலகம். அதிலிருந்து 10 அங்குலச் சதுரப் பீடம் எழுந்து, தரைக்கு மேல் 10 அங்குலம் நிற்க வேண்டும்.

கம்பி, தூண் ஒன்றுக்கு: அடிப்பலகத்துக்கு 10 மி.மீ. கம்பியில் 21 அங்குல நீளம், இரண்டு திசையிலும் நான்கு நான்கு. பீடத்துக்கு அதே கம்பியில் நான்கு, ஒவ்வொன்றும் 36 அங்குலம் நிற்க, அடியில் 9 அங்குலம் மடக்கியது. 6 மி.மீ. கம்பியில் 7 அங்குலச் சதுர வளையம் ஆறு. 12 தூணுக்கும் சேர்த்து 80 கிலோ போதும். கம்பியைக் கீழே ஓடைக்கரையிலேயே வெட்டி, மடக்கி, கூடாகக் கட்டி மேலே கொண்டுபோங்கள். முழுக் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஏறுவது ஒரு நாள் வேலையைத் தின்றுவிடும்.

கலவை 1:2:3. அளக்க ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள்: உள்ளளவு 12 அங்குலம் நீளம், 12 அகலம், 15 உயரம், அதாவது 1.25 கன அடி. ஒரு மூட்டை சிமெண்டும் அவ்வளவுதான் வரும். மூட்டை ஒன்று, மணல் இரண்டு பெட்டி, முக்கால் அங்குல ஜல்லி மூன்று பெட்டி. இதில் கிடைக்கும் கான்கிரீட் ஏறக்குறைய 4.9 கன அடி, ஒரு தூணுக்குத் தேவை 4.5. ஒரு தூணுக்கு ஒரு மூட்டை என்று ஒத்துப்போவதால் பாதி மூட்டையைக் காட்டில் பிரித்து வைக்கும் தொல்லை இல்லை. ஆக 12 மூட்டை, கைக்காவலாக ஒன்று. மணல் 35 கன அடி, அடியில் பரப்புவதையும் சேர்த்து ஜல்லி 55 கன அடி.

மூட்டையை முழுதாகச் சுமக்க வேண்டாம். வழுக்கும் பாதையில் 50 கிலோவோடு விழுந்தால் மூட்டையும் போகும், முழங்காலும் போகும். ஓடைக்கரையில் வைத்து இரண்டு 25 கிலோவாகப் பிரித்து, இரட்டைப் பாலிதீன் பையில் கட்டிவிடுங்கள்.

தண்ணீர்தான் இந்த வேலையைக் கெடுக்கும் முதல் எதிரி. மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர், ஒரு டின்னும் இன்னொரு டின்னில் மூன்றில் ஒரு பங்கும். மணல் ஈரமாக இருந்தால் 22 லிட்டரில் நிறுத்த வேண்டும். வேலையாள் கரண்டி லேசாக ஓடட்டும் என்று இன்னும் அரை டின் ஊற்றுவார், ஊற்றிய அன்று ஒன்றும் தெரியாது. காய்ந்தபின் பீடத்தின் மேல்முகத்தை ஆணியால் கீறிப் பாருங்கள்: நல்ல கலவையில் வெள்ளைக் கோடு மட்டும் விழும், தண்ணீர் மிஞ்சியதில் மாவு உதிரும். சரியான பதம் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் பால் வழியக் கூடாது.

மணலில் இரண்டு எச்சரிக்கை. கடற்கரை மணலைத் தொடாதீர்கள், உப்பு கம்பியை உள்ளேயே துருப்பிடிக்க வைத்துப் பீடத்தை வெடிக்கச் செய்யும். பக்கத்து ஓடையில் மணல் இருக்கிறதே, சுமைகூலி மிச்சமாகுமே என்றால், முதலில் கண்ணாடிப் போத்தலில் 5 செ.மீ. உயரத்துக்கு மணலும் அதற்கு மேல் உப்பு கலந்த தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மணலின் மேல் படியும் சேறு 3 மி.மீ.க்கு மேல் போனால் கழுவாமல் பயன்படாது. தோட்டத்தில் கிடைக்கும் செம்புறாங்கல்லை உடைத்து ஜல்லியாகப் போடும் வழக்கமும் உண்டு. அது நுரைக்கல், தண்ணீர் குடிக்கும். பாதைக்குப் பரப்பலாம், பீடத்துக்கு ஆகாது.

சரிவைச் சமப்படுத்த மண் வெட்டாதீர்கள். எல்லாப் பீடமும் தன்தன் இடத்துத் தரையிலிருந்து 10 அங்குலம் நிற்கட்டும். மட்டம் தூணின் உயரத்தில் வரட்டும். நான்கடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் மேல் வரிசைத் தூண் 2 அடி என்றால் நடுவரிசை 4, கீழ்வரிசை 6 அடி வரும். இடம் குறிக்கும்போது நாடாவைச் சரிவோடு படுக்கவிட்டு அளந்தால் 16 அடி 16 அடியாக இருக்காது. நாடாவைக் கிடைமட்டமாகப் பிடித்து, முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் புள்ளி வையுங்கள். மூலைக்கு மூலை குறுக்களவு 25 அடி ஏழேகால் அங்குலத்துக்குச் சற்று மேல் வர வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கும்வரை முளையை நகர்த்துங்கள். மட்டம் பார்க்கத் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பினால் போதும், நடுவில் காற்றுக்குமிழ் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழியை வெட்டினால் அன்றே அல்லது மறுநாளே ஊற்றுங்கள். திறந்து கிடக்கும் குழியில் ஒரு மழை விழுந்தால் அடிமண் கூழாகிவிடும். தண்ணீரை இறைத்தால் மட்டும் போதாது, கூழான மண்ணையும் வழித்தெடுத்து அந்த ஆழத்துக்கு ஜல்லி இட வேண்டும். ஷட்டர் பெட்டி (கான்கிரீட் ஊற்றும் அச்சு) நான்கு இருந்தால் போதும்: ஒரு நாள் நான்கு பீடம், ஒரு நாள் விட்டுக் கழற்றி அடுத்த நான்கு. ஏழு நாள் ஈரச் சாக்கு சுற்றியிருக்க வேண்டும். அதற்குத் தேவையான தண்ணீரையும் சுமைக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கலவைக்கே 17 டின் போகும்.

*கேள்வி: அதே மாதிரி இடம்தான் எங்களுக்கும். ஒரு குழியில் ஓரடியிலேயே பாறை தட்டுகிறது. இன்னொன்றில் பெரிய வேர். என்ன செய்வது? (மோல்மேன் வாசகி)*

பதில்: பாறை கிடைத்தால் மகிழுங்கள். அது மலையோடு ஒட்டிய பாறையா, மண்ணில் கிடக்கும் உருண்டையா என்பதை மட்டும் கடப்பாரையால் தட்டிப் பாருங்கள். ஒட்டிய பாறை கணீரென்று ஒலிக்கும், கைக்கு அதிர்ச்சி திரும்பி வரும். கிடக்கும் கல் மந்தமாக ஒலிக்கும், நெம்பினால் ஓரத்தில் மண் அசையும். ஒட்டிய பாறையானால் மேல்முகத்தைத் தேய்த்துக் கழுவி, ஓரடி ஆழத்தில் நான்கு துளை போட்டு, தூசியை ஊதி எடுத்து, 12 மி.மீ. கம்பியைச் சிமெண்டுப் பாலில் இறுக்கி, அதன் மேலேயே பீடத்தை எழுப்பலாம். துளையில் தூசி தங்கினால் கம்பி கையோடு வந்துவிடும். கிடக்கும் கல்லானால் தோண்டி வெளியே தள்ளுங்கள், பாதி கல்லிலும் பாதி மண்ணிலும் உட்கார்ந்த பீடம் சாயும்.

உயிருள்ள மரத்தின் மணிக்கட்டளவு வேரை, அதிலும் மேட்டுப் பக்கத்து வேரை, வெட்டாதீர்கள். குழியை ஓரடி நகர்த்தி உத்தரத்தில் சரிக்கட்டிக்கொள்ளலாம். வெட்டிய மரத்தின் கட்டையும் வேரும் குழிக்குள் இருந்தால் முழுதாக எடுத்தே ஆக வேண்டும். அது மக்கும்போது வெற்றிடம் விடும், அதுவரை கரையானுக்குச் சோறு போடும். டூரியான் மரத்தடியில் தகரக் கூரை வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறோம். பழம் விழும் காலத்தில் யாரும் தூங்க முடியாது.

*கேள்வி: பிங்காடோ மரம் மண்ணில் கிடந்தாலும் உளுக்காது என்பார்களே. சிமெண்டே இல்லாமல் நட்டால் என்ன? (பெகு வாசகர்)*

பதில்: தமிழ்நாட்டில் இருள் மரம் என்பதன் நெருங்கிய உறவுதான் இது. வயிரம் பாய்ந்த பிங்காடோ கெட்டிதான், பச்சை மரம் தண்ணீரில் மூழ்கும். ஆனால் கடையில் தரும் ஆறங்குலச் சதுரத் தூணின் மூலைகளில் வெளிறு (வயிரமில்லாத வெளிப்பகுதி) ஒட்டியிருக்கும், கரையான் அங்கேதான் நுழையும். நட்ட தூண் ஆழத்தில் கெடுவதில்லை. தரைமட்டத்தை ஒட்டிய அரையடி, மண்ணின் ஈரமும் காற்றும் சேருமிடம், அங்கே கெடும். மழைக்குப்பின் அந்த இடத்தில் கத்திமுனையைக் குத்திப் பாருங்கள், வெளியே கறுத்துக் கெட்டியாகத் தெரியும் தூண் உள்ளே பஞ்சாக இருக்கும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காவல் குடிலுக்கு நட்டுக்கொள்ளலாம். மூன்றரை அடி ஆழம், சுற்றிலும் ஜல்லி இடித்து நிரப்ப வேண்டும். தூணைச் சுற்றிச் சிமெண்ட் வளையம் ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. மரம் காய்ந்து சுருங்கியதும் அந்த வளையம் கிண்ணமாகித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். யேநான் (கச்சா எண்ணெய்) பூசுவது பலகைக்கும் உத்தரத்துக்கும் நல்லது, ஆண்டுதோறும் வெயில் நாளில் பூசலாம். மண்ணுக்குள் இருக்கும் பகுதியை அது நெடுநாள் காக்காது.

வசிக்கும் வீடானால் மேலே சொன்ன பீடம்தான். கான்கிரீட் இளகியிருக்கும்போதே, கால் அங்குலக் கனமும் 2 அங்குல அகலமும் உள்ள இரும்புப் பட்டையை ‘ப’ வடிவில் மடக்கி அப்படியே புதையுங்கள். இரண்டு கையும் மேலே நிற்க, அடிப்பட்டை பீடத்துக்குள் பிடிபட வேண்டும். தூணை அந்த இரு கைக்கு நடுவே நிறுத்தி அரை அங்குல போல்ட் இரண்டு போடுங்கள். பிங்காடோவில் ஆணி வளைந்துவிடும், துளை போட்டுத்தான் முடுக்க வேண்டும். தூணின் அடிமுகம் பீடத்தைத் தொடாமல் ஓரங்குலம் தூக்கி நிற்கட்டும். அந்த இடைவெளியில் தகடு ஒன்றைப் பீடத்தைவிட 2 அங்குலம் நீட்டி, ஓரத்தைக் கீழ்நோக்கி மடக்கி வைத்தால் கரையானுக்குக் கண்காணிப்பு ஆயிற்று. தகடு கரையானைத் தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். தகட்டைச் சுற்றிக்கொண்டு வர அது மண்புற்று கட்டியாக வேண்டும், அப்போது உங்கள் கண்ணில் படும். வீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்க இடமில்லாவிட்டால் தகடும் வீண்தான்.

*கேள்வி: 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு காலின் மேல் நிற்கும் வீடு என்றாலே பயமாக இருக்கிறது. சரிவில் இன்னும் ஆபத்தா? (பெகு வாசகி)*

பதில்: 7.7 அளவில் அன்று அசைந்த சகாயிங் பிளவு உங்கள் ஊர்ப்பக்கமாகத்தான் தெற்கே போகிறது. 1930 மே மாதத்திலும் பெகு இடிந்தது. பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தகரக் கூரைப் பலகை வீடு எடை குறைந்தது, அதுவே பெரிய பாதுகாப்பு. அது விழுவது இரண்டு காரணத்தால்: பீடத்திலிருந்து தூண் நழுவுவது, தூண்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுப்பது. முதலாவதை இரும்புப் பட்டை பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவதில் சரிவு ஒரு சூழ்ச்சி செய்கிறது. கீழ்வரிசையின் 6 அடித் தூண்தான் பலவீனம் என்று பார்த்தவுடன் தோன்றும். அசைவு வரும்போது முதலில் உடைவது மேட்டுப் பக்கத்து 2 அடித் தூணும் அதன் போல்ட்டும். ஒரே கனமுள்ள தூணில் நீளம் மூன்று மடங்கானால் வளையும் தன்மை 27 மடங்காகும். நெட்டைத் தூண்கள் வளைந்து கொடுத்துவிட, குட்டைத் தூண் விறைத்து நின்று மொத்த உதையையும் வாங்கிக்கொள்கிறது. எனவே 3 அடிக்கு மேற்பட்ட எல்லாத் தூணுக்கும் இடையில் 2 அங்குலத்துக்கு 5 அங்குலச் சட்டத்தைப் பெருக்கல் குறிபோல, நீளத்திலும் அகலத்திலும், அரை அங்குல போல்ட்டால் பூட்டுங்கள். தரைப்பலகைக்கு அடியிலும் மூலைக்கு மூலை ஒரு சட்டம் ஓட வேண்டும். அப்போதுதான் பன்னிரண்டு தூணும் சேர்ந்து நிற்கும். ஆணி மட்டும் அடித்த குறுக்குச்சட்டம் இரண்டு குலுக்கலில் பிடுங்கிக்கொள்ளும்.

*கேள்வி: எங்கள் தோட்டம் பவுங் மலையடிவாரத்தில். மண்சரிவுக்குப் பயந்து எவ்வளவு ஆழமாக அஸ்திவாரம் போட வேண்டும்? (பவுங் வாசகர்)*

பதில்: எந்த ஆழமும் போதாது. சரியும் மலை பீடத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். உங்கள் வட்டத்திலேயே 2019 ஆகஸ்ட் 9 அன்று மலை இறங்கி அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆண்டுக்கு 4,500 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் கடலோர மலை அது. ஆகவே முடிவு எடுக்க வேண்டியது ஆழத்தில் இல்லை, இடத்தில். ஜூலை, ஆகஸ்டில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். மரங்களின் அடிப்பகுதி கீழ்நோக்கி வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தால் மண் மெல்ல நகர்கிறது என்று பொருள். பிறைவடிவில் வெடிப்பு, புதிதாக ஊறும் நீர், வற்றாத சதுப்பு ஆகியவை உள்ள இடத்தில் கட்ட வேண்டாம். ஓடை மலையிலிருந்து விரியும் வாயிலும் வேண்டாம்.

நல்ல இடம் கிடைத்தபின், வீட்டுக்கு மேலே 10 அடி தள்ளி, ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, நூறடிக்கு ஓரடி சாய்வில் நீரைப் பக்கவாட்டில் பாறைமேல் விடுங்கள். வெட்டிய மண்ணைச் சரிவின் விளிம்பில் கொட்டாதீர்கள். மேட்டுப் பக்கத்து மரங்களை வெளிச்சத்துக்காக வெட்டினால் அந்த ஆண்டு ஒன்றும் நடக்காது. சில ஆண்டு கழித்து வேர் மக்கியபின் மண் பிடிப்பிழக்கும். அப்போது யாருக்கும் காரணம் நினைவிருக்காது.

*கேள்வி: படிவம் 7 உள்ள தோட்டத்தில் குடில் கட்டத் தடை உண்டா? (தட்டோன் வாசகர்)*

பதில்: 2012ஆம் ஆண்டு விவசாய நிலச் சட்டப்படி அந்தப் படிவம் பயிர் செய்யும் உரிமைக்கானது. வேறு பயனுக்கு மாற்றத் தனி அனுமதி வேண்டும். பீடம் ஊற்றுவதற்கு முன் வட்ட நில அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

*கேள்வி: போன ஆண்டு மிஞ்சிய நான்கு மூட்டை சிமெண்ட் தோட்டத்தில் இருக்கிறது. ஓரம் மட்டும் கட்டியாகியிருக்கிறது. சலித்துப் பயன்படுத்தலாமா? (முடோன் வாசகர்)*

பதில்: விரலால் நசுக்கினால் மாவாகும் கட்டியானால் சலித்து, படிக்கட்டுக்கும் வாய்க்கால் கரைக்கும் போடுங்கள். நசுங்காத கட்டி இருக்கும் மூட்டையில் சலித்து வரும் தூளும் சக்தி இழந்ததுதான். பீடத்துக்குப் புது மூட்டை வாங்குங்கள்.